ரெண்டு போனுக்கு ஒரே மழை

நல்ல காரியந்தான் கண்ணு. மழையே எட்டிப் பாக்காத சீமையில மழை சொல்ற ஆப்பு பண்றேன்னு கெளம்பியிருக்கறே பாரு, அந்தத் தைரியத்துக்கே உனக்கு ஒரு துண்டு போத்தலாம். நம்ம அவிநாசிபாளையம் சுங்கத்து முக்குல நின்னு சித்தெ அண்ணாந்து பாரு. பல்லடத்துல இருந்து காங்கயம் போற ரோடும், திருப்பூருல இருந்து தாராபுரம் போற ரோடும் குறுக்க வெட்டிக்கற எடம். பஸ்ஸாவது நின்னு ஆள ஏத்திக்கிட்டுப் போகும், மேகம் அதுகூடச் செய்யறதில்ல. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற காத்து, மழைய மலைக்கு அக்கட்டாலயே எறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட வந்து, பனியன் கம்பெனிக்காரங்க காசு போட்டு நட்ட காத்தாடிய மட்டும் சுத்தி உட்டுட்டுப் போயிரும். நமக்குன்னு உள்ளது ஐப்பசி கார்த்திகைதான். சித்திரையில ஒரு கோடை மழை வந்தாலும் இட்டேரிக்கு இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் தூசி.

இந்த ஊருக்கு மழை சொல்லப் போறே, அதுவும் ஒரே கோட எழுதி ஆண்ட்ராய்டுலயும் ஐபோன்லயும் ஓட்டப் போறே. அதோட நிக்காம, "அப்பாரு, உங்க யோசனை என்னங்க"ன்னு கேட்டுப்போட்டே. கேட்டதுக்கப்பறம் எந்திரிச்சு ஓடப்படாது. உக்காரு.

எனக்கென்ன தெரியும்? காலம் பூராவும் கட்டிங் டேபிள்ல கத்தி புடிச்ச கை இது. பொழுது போகாத கெழவன், கையில ஒரு போன், அதுல யூடியூப்பு, கூடவே நீ வந்து பேசற நாயம். அதுல வெளங்கினதத்தான் சொல்றேன், தப்பா இருந்தா படிச்சவன் நீ திருத்திக்க.

எனக்கு இது ரெண்டு பையர் சரக்காத்தான் தெரியுது. ஒரே துணி, ஒரே லாட்டு, ஒரே பேட்டர்ன். ஒடம்பையும் கையையும் ஒண்ணா அடுக்கி லே போட்டு வெட்டிப்போடலாம். ஆனா ஒரு பையரு கழுத்துக்கு ரிப் கேப்பான், லேபில உள்ள தைக்கோணும்பான். இன்னொருத்தன் பைப்பிங் கேப்பான், லேபிலே ஆகாது, அச்சாப் போடும்பான். ஒடம்பத் தனித்தனியா வெட்டறவன் கூலியக் கெடுக்கறவன். கழுத்தையும் சேத்து ஒண்ணா வெட்டறவன் கம்பெனியவே கெடுக்கறவன், அந்தச் சரக்கு கப்பலேறிப் போயித் திரும்பி வரும். உன்ற ரெண்டு பையருல ஒருத்தன் கூகுள், ஒருத்தன் ஆப்பிள். இப்பச் சொல்லு, உன்ற ஆப்புல எது ஒடம்பு, எது கழுத்து?

முழிக்காத. கண்டுபுடிக்க நான் ஒரு வழி சொல்றேன். ஒரே ஊட்ல அப்பன்கிட்ட ஆண்ட்ராய்டு, மக கிட்ட ஐபோன். ரெண்டு பேரும் ஒரே திண்ணையில உக்காந்து உன்ற ஆப்பத் தொறக்கறாங்க. எதெல்லாம் ரெண்டுலயும் வேற வேறயாக் காட்டினா அப்பனும் மகளும் சேந்து உன்னைய வைவாங்களோ, அதெல்லாம் ஒடம்பு. அத ஒரே எடத்துல எழுது. எதெல்லாம் ஒண்ணா இருந்தா "என்ற போனாட்டவே இல்லியே இது"ன்னு மொகஞ்சுளிப்பாங்களோ, அது கழுத்து.

நீ சிரிக்கறே. வெப்பநிலைய எடுத்துக்க. ஓப்பன்-மீட்டியோன்னு ஒரு எடம், வியாபாரம் இல்லாத சோலிக்குச் சாவி கூடக் கேக்காம வானிலை குடுக்குதுன்னு நீதான் சொன்னே. அது 30.5 டிகிரின்னு குடுக்குதுன்னு வெய்யி. ஆண்ட்ராய்டுல எழுதறவன் நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி பாதியத் தாண்டினதா வெச்சு 31ன்னு போடுவான். ஐபோன்ல எழுதறவன் அந்த எண்ண, எழுத்தா மாத்தற கருவிகிட்டக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவான். அந்தக் கருவிக்குச் சும்மா விட்டா ஒரு பழக்கம், சரிபாதி வந்தா ரெட்டைப்படைப் பக்கம் சாயும். 30ன்னு போடும். ரெண்டு பேரும் தப்புப் பண்ணல கண்ணு, ரெண்டும் புஸ்தகத்துல இருக்கற முறைதான். ஆனா திண்ணையில அப்பனுக்கு ஒரு டிகிரி கூட வேர்க்குது.

வெயிலுக்கு ஒரு டிகிரி போனாப் போகுது. "இன்னைக்கு"ங்கற சமாச்சாரம் அதவிட வெவகாரம். உனக்கு நடுச்சாமம் 12 மணிக்கு நாள் மாறுது. உலகக் கணக்கான யூ.டி.சி.யில நாள் மாறறப்ப நமக்கு வெடியால 5.30. நம்ம வானிலைத் துறைக்காரங்க மழைமானியப் பாத்து எழுதறது காலையில 8.30க்கு, நேத்து 8.30ல இருந்து இன்னைக்கு 8.30 வரைக்கும் பேஞ்சத இன்னைக்குத் தேதியில எழுதுவாங்க. ஆக ராத்திரி 2 மணிக்கு ஒரு மழை பேஞ்சா, நம்ம காலண்டர்ல அது இன்னைக்கு மழை, யூ.டி.சி. கணக்குல நேத்து மழை. காலையில 10 மணிக்குப் பேஞ்சா நம்ம காலண்டர்ல இன்னைக்கு, துறை நோட்டுல நாளைக்கு. நேரக் கணக்கு எதுன்னு சொல்லாமக் கேட்டா ஓப்பன்-மீட்டியோ கிரீன்விச் கணக்குலதான் நாளப் பிரிச்சுக் குடுக்கும். நீ அத ரெண்டு எடத்துல ரெண்டு ஆள் கையில குடுத்தீன்னா, ஒரு போன் வெங்காயத்த மூடுங்குது, இன்னொண்ணு காயப்போடுங்குது. நமக்கு வாய்ச்ச அந்த அரை மணி நேரம் இருக்குது பாரு, அஞ்சு மணியாவும் இல்லாம ஆறு மணியாவும் இல்லாம அஞ்சரை, அது வெள்ளக்காரன் எழுதின எத்தனையோ கோடுல மண்ணப் போட்டிருக்குது.

அதனால வானிலைய வாங்கியாறது, பிரிக்கறது, மில்லிமீட்டர் கிலோமீட்டர் கணக்கு மாத்தறது, நாளப் பிரிக்கறது, ரவுண்டு பண்றது, சிக்னல் இல்லாத தோட்டத்துல கடைசியா வாங்கினதப் பத்திரமா வெச்சுக் காட்டறது, இது அத்தனையும் ஒரே கோடு. இதுல எனக்குத் தகராறு இல்ல.

ஆனா ஒண்ணு. ஒரே எடத்துல திருத்தினா ரெண்டு போன்லயும் சரியாவுதுன்னு நெஞ்ச நிமித்தறியே, ஒரே எடத்துல கெடுத்தா ரெண்டும் ஒண்ணாக் கெடும்ங்கறத ஏன் மெதுவாச் சொல்றே? பேட்டர்ன்ல ஒரு நூல் தப்பினா லே முழுக்கத் தப்பும். அதனால பொதுக் கோட்ட மட்டும் சோதிச்சுப் பாக்கறதுல கஞ்சத்தனம் பண்ணாத. ராத்திரி 11.59, வெடியால 5.29, 5.31, காலையில 8.29, 8.31. இந்த நேரத்தையெல்லாம் போட்டு ஓட்டிப் பாரு. அதுக்குப் போனே வேண்டாம், கம்ப்யூட்டர்லயே ஓடும்னு நீயே சொன்னே. பொதுக் கோட்டுல எனக்குப் புடிச்ச ஒரே சங்கதி அதுதான்.

நீ என்னமோ உலகத்துலயே இத மொதல்ல யோசிச்சவனாட்டப் பேசறே. டிராப்பாக்ஸ்னு ஒரு கம்பெனி, பெரிய கை. 2013ல இருந்து சி பிளஸ் பிளஸ்ல எழுதி ரெண்டு போனுக்கும் பகுந்துக்கிட்டு இருந்தாங்க. 2019ல "எங்களுக்கு இது கட்டுபடியாகல சாமி"ன்னு அவிங்களே எழுதி வெச்சுட்டு, அந்தந்தப் போனுக்கு அந்தந்த பாஷைக்கே திரும்பிட்டாங்க. எதுக்குங்கறே? கோடு எழுதற செலவு மிச்சம். ஆனா அந்தக் கோட்டத் தாங்கிப் புடிக்கற சாமானெல்லாம் சொந்தமாச் செய்ய வேண்டியிருந்துது, அதுல வேலை தெரிஞ்ச ஆளு கெடைக்கல, போதாக்கொறைக்கு ரெண்டு போனும் பின்னணி வேலைய வேற வேற மாதிரி நடத்துது. ஏர்பிஎன்பி 2016ல ரியாக்ட் நேட்டிவ்னு ஒண்ணப் புடிச்சு 2018லயே கையெடுத்துக் கும்பிட்டு உட்டுட்டாங்க. அது பேஸ்புக்காரன் 2015ல வெளியிட்டது, இன்னமும் எத்தனையோ பேரு நல்லாவே ஓட்டறாங்க. ஏர்பிஎன்பிக்கு ஒத்து வரல. கொஞ்சம் அங்க, கொஞ்சம் இங்கன்னு கலந்து வெச்சுக்கிட்டு, கடைசியில ரெண்டு பாஷையில முடியற வேலைக்கு மூணு பாஷை தெரிஞ்ச ஆளத் தேட வேண்டியதாப் போச்சு.

இப்ப நீ புடிச்சிருக்கறது கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். ஜெட்பிரெய்ன்ஸ் செஞ்ச கோட்லின கூகுள் 2017ல ஆண்ட்ராய்டுக்கு ஏத்துக்கிச்சு. ரெண்டு பக்கமும் பகுந்துக்கற இந்த மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பர்லதான் "இனி தைரியமா நம்பலாம்"னு முத்திரை வாங்கிச்சு. 2024ல கூகுளும் கை குடுத்துது. நெட்பிளிக்ஸ்காரன் அதுக்கும் முன்னால, 2020லயே, சினிமாப் படப்பிடிப்பு ஆளுங்களுக்கான ஆப்புல இத ஓட்டினேன்னு சொல்லியிருக்கறான். இதுல எனக்குப் புடிச்சது, திரையில தெரியற மொகத்த அந்தந்தப் போனுக்கே உட்டுட்டு ஒடம்ப மட்டும் பகுந்துக்கலாங்கறது. பொதுக் கோட்டுல "எனக்கு ஒரு எடங்காட்டி வேணும்"னு ஒரு வரி எழுதி உட்டா, ஆண்ட்ராய்டு பக்கம் ஒருத்தன் "இந்தா"ன்னு குடுக்கறான், ஐபோன் பக்கம் இன்னொருத்தன் "இந்தா"ன்னு குடுக்கறான். இந்தப் பக்கம் ஆண்ட்ராய்டுக்கு வேண்டிய வடிவத்துல கோடு மாறுது, அந்தப் பக்கம் ஐபோனே தன்னோட சரக்குன்னு நெனைக்கற மாதிரி மாறுது. மொகத்தையும் சேத்துப் பகுந்துக்கறதுக்குக் கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம்னு ஒண்ணு இருக்குது, ஐபோன்ல அதுக்கு முத்திரை விழுந்தது 2025 மே மாசந்தான்.

கூட வேலை செய்ய ஆளு இருக்குதா உனக்கு? ஒத்த ஆளா? அப்ப எதுக்குக் கண்ணு இந்த வீம்பு. 2018 டிசம்பர்ல வந்த ஃப்ளட்டரப் புடிச்சு ஒரே மூச்சுல ரெண்டுக்கும் வரைஞ்சு முடி. அது பட்டனு, எழுத்து எல்லாத்தையும் தானே வரையும், போனக் கேக்கறதே இல்ல. ஊரவிட்டுத் தள்ளி வெக்க மாட்டாங்க. ரெண்டு பேரு இருந்து, ஒருத்தனுக்குக் கோட்லின், ஒருத்தனுக்கு ஸ்விஃப்ட் நல்லாத் தெரியும்னா, அப்ப உன்ற வழி. எது நல்லதுன்னு சண்டை புடிக்கறவன் பாதிப் பேரு ஒரு ஆப்பும் முடிச்சவன் கெடையாது.

சரி, கழுத்துக்கு வா. வானிலை ஆப்ப எவன் தொறந்து பாக்கறான்? காலையில போன எடுத்தவொடனே மொதல் திரையில ஒரு சின்னக் கட்டம், அதுல ஒரு எண், ஒரு மேகம். அவ்வளவுதான் பார்வை. அந்த விட்ஜெட் இருக்குதே, அத ஐபோன்ல ஸ்விஃப்ட் யூஐயிலதான் எழுத முடியும், 2020ல ஐ.ஓ.எஸ். 14ல இருந்து அதுதான் சட்டம். ஆண்ட்ராய்டுல வேற முறை. ஃப்ளட்டர் போட்டாலும் கோட்லின் போட்டாலும் அந்தக் கட்டத்த ரெண்டு தரந்தான் எழுதோணும். ஊரே பாக்கறது எதுவோ, அதப் பகுந்துக்க முடியாது. "ஒரே கோடு, ஒரே கோடு"ன்னு நீ சுங்கத்து டீக்கடையில சொல்லிட்டுத் திரிஞ்சது எனக்கும் காதுல விழுந்துது. இதையும் சேத்துச் சொன்னாயா?

அந்தக் கட்டத்துக்குள்ள தமிழ் வேற போடோணும். "ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்"னு ரேடியோக்காரராட்ட எழுதி வெப்பே. கட்டத்துல "ஓரளவு மேக"ன்னு வந்து மூணு புள்ளியோட நிக்கும். வந்த மேகம் பேயுதா, போகுதான்னு தெரியாம என்ற மாதிரிக் கெழவன் கண்ணாடியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கோணும். "மேகம் உண்டு"ன்னு எழுதினா யாரு கழுத்தப் புடிப்பாங்க? ஏர் ஓட்டற அளவு மழைன்னா "உழவு மழை"ன்னு எழுது, பொங்கலூரு ஒன்றியமே புரிஞ்சுக்கும்.

எச்சரிக்கை அனுப்பறது அடுத்த அக்கப்போரு. "அரை மணிக்கொருக்கா ஆப்பே எந்திரிச்சுப் பாத்து மழை வருதுன்னு கத்தும்"னு கணக்குப் போட்டிருக்கறே. 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6ல இருந்து, போனச் சும்மா வெச்சா அது தூங்கப் போயிரும், உன்ற ஆப்பையும் சேத்துத் தூங்க வெச்சுரும். முறைப்படி கேட்டா 15 நிமிசத்துக்கு ஒருக்கான்னு அனுமதி உண்டு, ஆனா சொன்ன நேரத்துக்கு எழுப்பும்னு யாரும் எழுதிக் குடுக்கல. சில கம்பெனிப் போனு பேட்டரி மிச்சம் பண்றேன்னு ஆப்பக் கொன்னே போடும். ஐபோனு இன்னும் மோசம், எப்ப எழுப்பறதுன்னு அதுவே முடிவு பண்ணும். அதனால எழுப்பற வேலையப் போன்கிட்ட உடாத. எங்காச்சும் ஒரு சர்வர் முழிச்சுக்கிட்டு இருந்து, கூகுள் வழியாவும் ஆப்பிள் வழியாவும் தட்டி எழுப்போணும். மழை வருமாங்கற முடிவு சர்வர்ல, ஒரே எடத்துல. கதவத் தட்டறது மட்டும் ரெண்டு விதம்.

இதெல்லாம் கோடு. இனிமேத்தான் சமாச்சாரமே.

உன்ற ஆப்பத் தொறந்து நம்ம ஊரத் தேடினா எது வருது? இங்கிலீசுல பாதி அடிக்கறதுக்குள்ள அவிநாசி வந்து நிக்கும், அவிநாசிலிங்கேசுவரர் கோயில் இருக்கற ஊரு. அது திருப்பூருக்கு வடக்க, சேலம் ரோட்டுல. நாம திருப்பூருக்குத் தெக்க. நடுவுல முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. அவிநாசியில இருந்து நம்ம சுங்கம் வரைக்கும் 381ன்னு ஒரு தேசிய நெடுஞ்சாலையே போட்டிருக்காங்க, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்கறவங்க நேர்ல வந்து பாத்துக்கட்டும்னோ என்னமோ. போதாததுக்கு இங்கயே வடக்கு அவிநாசிபாளையம் ஒண்ணு, தெக்கு அவிநாசிபாளையம் ஒண்ணு. அங்க பேயற மழைய இங்க காட்டி, இவன் கோழிப் பண்ணைக்குத் தார்ப்பாய் கட்டி, வெக்கையில கோழி செத்துப் போனா அது எந்தக் கோட்டோட பிழைங்கறே? ஊருப் பேரு தேடற வேலைய அடுத்தவன் பட்டியல நம்பி உடாத. நம்ம பக்கத்து ஊரு அத்தனையும், கேத்தனூரு, அலகுமலை, பெருந்தொழுவு, கண்டியன்கோயிலுன்னு, தமிழ்ப் பேரோட இங்கிலீசுல எழுதற நாலு விதத்தையும் சேத்து நீயே ஒரு பட்டியல் போட்டு ஆப்புக்குள்ள வெய்யி. இது பொதுக் கோட்டுல வெக்க வேண்டிய சரக்கு. கோட்லின் தெரிஞ்ச எவனும் இத உனக்குச் செஞ்சு தர மாட்டான், பஸ் கண்டக்டரு செஞ்சு தருவாரு.

ஊரக் கண்டுபுடிச்சாலும் மழையக் கண்டுபுடிக்கறது வேற. வானிலை மாடல்னா பூமிய கட்டங்கட்டமாப் பிரிச்சுக் கணக்குப் போடறது. அமெரிக்காக்காரன் சும்மா குடுக்கற ஜி.எஃப்.எஸ். சரக்குல ஒரு கட்டம் இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. திருப்பூரு, பல்லடம், நாம, மூணு பேரும் ஒரே கட்டத்துல உழுந்தா ஒண்ணாத்தான் நனையோணும். நம்மூருக்காரங்க சும்மா இருக்கல. புனேயில இருக்கற வெப்பமண்டல வானிலை நிறுவனம் செஞ்ச பாரத் முன்கணிப்பு முறைய 2025 மே 26ல வெளியிட்டாங்க, அதுல ஒரு கட்டம் 6 கிலோமீட்டர், முன்னால 12. நெசமாவே பெரிய சங்கதி அது. இருந்தாலும் நம்ம சித்திரை மழைக்கு இட்டேரிதான எல்லை? இட்டேரி அகலத்துக்குக் கட்டம் போடற கம்ப்யூட்டர் இன்னும் வரல. அதனால "மதியம் 3.10க்கு உங்க ஊட்டு மேல மழை"ன்னு துல்லியம் காட்டாத. "சாயங்காலம் இந்தப் பக்கம் இடிமழைக்கு எடமிருக்கு, எங்க உழும்னு சொல்ல முடியாது"ன்னு சொல்றவன நான் நம்புவேன்.

அரசாங்கமே ஆப்பு வெச்சிருக்குது, அத மொதல்ல எறக்கிப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே, இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடுத்தவன் செஞ்சதப் பாக்கறது கவுரவக் கொறைச்சல். 2020 ஜூலை 27ல "மௌசம்"னு ஒண்ணு வந்துது. ஏறக்கொறைய 450 நகரத்துக்கு ஏழு நாள் முன்கணிப்பு, 800 எடத்துக்கு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எச்சரிக்கைன்னு ஆரம்பிச்சாங்க. நகரத்துக்குக் கண்ணு, நகரத்துக்கு. வெவசாயிக்குன்னு "மேகதூத்", தமிழ்லயும் வருது, செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாப் பயிர் ஆலோசனை. இடி மின்னலுக்கு "தாமினி", இருபது நாப்பது கிலோமீட்டர் சுத்துல மின்னல் உழுந்தாச் சொல்லும், ஆடு மேய்க்கறவங்க கட்டாயம் வெச்சுக்கோணும். 2024 அக்டோபர் 24ல பஞ்சாயத்து அளவுலயே அஞ்சு நாள் முன்கணிப்பு தர்ற ஏற்பாடும் வந்தாச்சு. ஆக மழை வருமா வராதான்னு சொல்றதுக்கு நீ வேண்டாம். வந்தா எனக்கென்னன்னு சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல.

அதத்தான் நீ பண்ணு. 2.5 மில்லிமீட்டராவது பேஞ்சாத்தான் வானிலைத் துறை அத மழை நாள்னே எண்ணும். அந்த 2.5 மில்லி மானாவாரிக் காட்டுக்குத் தூசி அடங்கக் கூடக் காணாது, சோளம் வெதைக்கறவன் திரும்பியும் பாக்க மாட்டான். ஆனா டேபிள் பிரிண்டிங் போட்டுத் துணி காய வெச்சிருக்கறவனுக்கு அதே 2.5 மில்லி அன்னைக்குக் கூலி போச்சு. அறுத்த சின்ன வெங்காயத்தக் களத்துல பரப்பி வெச்சவனுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. கறிக்கோழிப் பண்ணைக்காரன் மழையவே கேக்க மாட்டான், சித்திரையில மத்தியான வெக்கை எத்தன டிகிரி, காத்து அசையுமா, அவ்வளவுதான் அவன் கேள்வி. பி.ஏ.பி. பாசன வாய்க்காத் தண்ணி மொறை வர்ற வாரத்துல மழை வருமான்னு கேக்கறவன் வேற ஆளு. ஆப்ப மொதமொதத் தொறக்கறப்ப "நீங்க என்ன சோலி பாக்கறீங்க"ன்னு ஒரு கேள்வி கேளு. அந்தப் பதில வெச்சு ஒரே எண்ண நாலு பேருக்கு நாலு விதமாச் சொல்லு. இந்தக் கணக்கும் ஒடம்புதான், பொதுக் கோடுதான்.

இன்னொண்ணு, வானிலைய எங்க இருந்து வாங்கறேங்கறத ஒரு கதவுக்குப் பின்னால வெய்யி. டார்க் ஸ்கைன்னு ஒரு ஆப்பு, இன்னும் பத்து நிமிசத்துல தூறும்னு நெசமாவே சொன்ன ஆப்பு. 2020 மார்ச்சுல ஆப்பிள் வாங்கிச்சு, அந்த வருசமே ஆண்ட்ராய்டுக்காரன் நடுத்தெருவுல. 2022 டிசம்பர் 31ல ஐபோன் ஆப்பும் மூடியாச்சு. அவங்ககிட்ட வானிலை வாங்கி ஆப்பு நடத்தினவங்களுக்கு 2023 மார்ச் 31தான் கடைசி நாளு. அதுக்குப் பதிலா ஆப்பிளே வெதர்கிட்னு விக்குது, மாசம் அஞ்சு லட்சம் தரம் கேட்டா சும்மா, மேல போனாக் காசு. உன்ற கோட்டுல நூறு எடத்துல டார்க் ஸ்கை பேரு இருந்திருந்தா அன்னைக்கு என்ன பண்ணியிருப்பே? ஒரு கதவு, அதுக்குப் பின்னால யாரு வேணா நிக்கட்டும். இன்னைக்கு ஓப்பன்-மீட்டியோ, நாளைக்கு நம்ம துறை. நீ இதுல காசு பாக்க ஆரம்பிச்சேன்னா ஓப்பன்-மீட்டியோவும் சும்மா குடுக்காது, சந்தா கட்டோணும், மறந்துறாத.

காசுன்னதும் ஞாபகம் வருது. ஐபோனுக்குக் கட்டறதுக்கு ஆப்பிள் கம்ப்யூட்டர் வேணுமில்ல? ஒரே கோடுன்னாலும் அது இல்லாம அந்தப் பக்கம் ஒரு அடி நகராது. சொந்தமா வாங்காத, வாடகைக்கு எங்கயோ ஓடற கம்ப்யூட்டர்ல கட்டிக்கலாமாமே. ஆப்பிள் கடையில சரக்கு வெக்க வருசா வருசம் 99 டாலர். கூகுள் கடையில ஒரே தரம் 25 டாலர். அட, கூகுளு பரவால்லன்னு நெனைச்சா அங்க ஒரு வம்பு வெச்சிருக்கறான். 2023 நவம்பர் 13க்கு அப்பறம் தனி ஆளாக் கணக்குத் தொறந்தவன், மொதல்ல 12 பேருக்கு ஆப்பக் குடுத்து, அந்த 12 பேரும் 14 நாள் தொடர்ச்சியா அதுல இருக்கோணும். அதுக்கப்பறந்தான் கடைய விரிக்க அனுமதி கேக்கவே முடியும். முன்னால 20 பேருன்னு இருந்துது, பாவம்னு கொறைச்சிருக்கறாங்க.

நீ உன்ற காலேஜ் கூட்டாளிகளப் புடிச்சு எண்ணிக்கை காட்டிரலாம்னு பாக்கறே. அவனுக பெங்களூர்ல ஏசியில உக்காந்து "சூப்பர் மச்சி"ம்பானுக, நீயும் நம்பிக்குவே. வேண்டாம். ஆள நான் தர்றேன். கோழிப் பண்ணைக்காரரு ரெண்டு பேரு. வெங்காயம் போட்ட எங்க பங்காளி ஒருத்தன், எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டான், அதுக்குத்தான் அவன். பிரிண்டிங் பட்டறைத் தம்பி. பவர் டேபிள் வெச்சு நடத்தற அம்மிணி ஒண்ணு, ஓவர்லாக் அடிக்கற புள்ளைக ரெண்டு, கொடியில துணி காயறத உட்டுட்டு வேலைக்கு வர்றவங்க. ஆடு மேய்க்கற பெரியவரு, அவருக்குப் பேரன் போனு. எளநீர் வண்டிக்காரன், அவனுக்கு மழை வந்தா நட்டம், உன்ற ஆப்பு மழைங்கறப்பெல்லாம் உன்னையத் திட்டுவான். தாராபுரம் பஸ் கண்டக்டரு. காத்தாடிக்குக் காவலிருக்கற ஆளு. பன்னெண்டாவது நானு. பதினாலு நாளும் ஒருத்தன் போன்ல இருந்து அது அழியாமப் பாத்துக்கறது என்ற பொறுப்பு. சாயங்காலமானா சுங்கத்து டீக்கடையில பன்னெண்டு பேரும் வந்து கொறை சொல்லுவாங்க, டீயும் போண்டாவும் உன்ற கணக்கு.